போக இரண்டு நாற்பது, வர ஐந்து இருபது

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் படித்த உடனே சிரித்துவிடலாம் என்று யாரும் பல்லைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சிரிப்பு உரிய படிவத்தில் விண்ணப்பிக்கப்பட்டு, தபால் பிரிவில் எண் போடப்பட்டு, முதல் மேசையில் படுத்து, இரண்டாம் மேசையில் புரண்டு, ஓரத்தில் 'பேசவும்' என்று பென்சிலால் எழுதப்பட்டு, மெதுவாக வந்துகொண்டிருக்கிறது. வந்து சேரும். அதுவரை வாசகர்கள் வரிசையில் நிற்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். நடுவில் வெற்றிலை போடப் போனவர்கள் திரும்ப முதலிலிருந்துதான்.

அது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம். பெரம்பலூரிலிருந்து அரியலூரை ஒரு தடவை பிரித்து, மறு வருஷமே திரும்ப ஒட்டி, இப்போது மறுபடியும் பிரிக்கப் போகிறார்கள் என்று பேச்சு. பெயர்ப் பலகை எழுதுகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் அதில் லாபமில்லை. யார் எந்த ஊர் என்பதே ஆடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், யார் எந்த வீடு என்பதையாவது கெட்டியாக முடிவு செய்துவிடலாம் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியது. பெரம்பலூரில் ஒரு பழைய உரக் கிடங்கின் மாடியில் 'குடும்பத் தொடர்பு நிர்ணயத் தனிப்பிரிவு' திறக்கப்பட்டது. எந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று முடிவு செய்வது அதன் வேலை. வீட்டில் இருப்பவர்களுக்கே அது தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். ஆனால் அவர்களிடம் முத்திரை இல்லை.

அந்தப் பிரிவின் உதவியாளர் பெயர் ஆண்டவர். சொந்த ஊர் எறையூர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். விதியில் இடமிருந்தால் உயிரையும் கொடுப்பார். இடமில்லாவிட்டால் எதிரே வருகிறவருக்கு வணக்கம்கூடச் சொல்ல மாட்டார். கூட்டல் கழித்தலில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பஸ்ஸில் போகும்போது கண்டக்டர் சில்லறை கொடுப்பதற்குள் அந்த டிரிப்பின் மொத்த வசூலைச் சொல்லிவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் மேசைக்குச் சுற்றறிக்கை வந்தது. ஆண்டவர் கை கழுவிவிட்டு வந்து அதைப் படித்தார்.

'குடும்ப அட்டையில் பெயர் உள்ள ஒருவரின் பணியிடத்துக்கும் இல்லத்துக்கும் இடையிலான பயண நேரம் நான்கு மணி நேரத்துக்கு மிகாதிருப்பின் அன்னார் இருப்பவர் எனவும், மிகுந்திருப்பின் அன்னார் நீங்கியவர் எனவும் கருதப்படுவார். நீங்கியவர் பெயர் அட்டையிலிருந்து நீக்கப்பட வேண்டும். விமானத்தில் செல்வோரைப் பொறுத்தவரை இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரமும் நேரமும் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். நிலையத்திலிருந்து வீடு வரையிலான பஸ் நேரம் கொள்ளப்படாது, ஏனெனில் பஸ் எப்போது வரும் என்பது எவராலும் சான்றளிக்க இயலாதது. பாசம், ஏக்கம், வாரம் ஒரு முறை போன் செய்தல் முதலானவை ஏற்கத்தக்க காரணங்கள் அல்ல.'

ஆண்டவர் இரண்டு பேனா எடுத்து வைத்துக்கொண்டார். இருப்பவருக்குப் பச்சை. நீங்கியவருக்குச் சிவப்பு.

முதல் ஆள் வேப்பந்தட்டை கொளஞ்சி. கொத்து வேலைக்காரர்.

"யாரு வெளியூர்ல வேலை?"

"என் மவன் சார், அறிவரசன். மெட்ராஸ்ல லிஃப்ட் ரிப்பேரு பாக்குறான்."

"பஸ்ல எத்தனை மணி நேரம்?"

"அஞ்சரை ஆவும் சார். விக்கிரவாண்டியில டீக்கு நிறுத்தாம போனா அஞ்சு."

"டீ குடிச்சாலும் நீங்கியவர்தான், குடிக்காட்டியும் நீங்கியவர்தான்." சிவப்புப் பேனா ஒரு கோடு இழுத்தது.

"சார், சார்! மாசம் ரெண்டு தடவை வூட்டுக்கு வர்ற புள்ளை சார். போன வாரம்கூட வந்து ஆட்டுக்கு ஊசி போட்டுட்டுப் போனான்."

"ஆடு அட்டையில இல்ல. அடுத்தது!"

அடுத்தது ஷேக் தாவூது. லப்பைக்குடிக்காடு. சார்ஜாவில் ஒரு பேக்கரியில் பதினோரு வருஷமாக மாவு பிசைகிறவர். இரண்டு மாத விடுப்பில் வந்திருந்தார். பாஸ்போர்ட் முடியப் போகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் குடும்ப அட்டையில் பெயர் இருக்க வேண்டும். பெயர் போனால் பாஸ்போர்ட் போகும். பாஸ்போர்ட் போனால் வேலை போகும். வேலை போனால் என்னென்ன போகும் என்று அவர் மனைவி நஜ்முன்னிசா வீட்டில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அதனால் மனிதர் குளிர்கால மாடு மாதிரி ஒடுங்கிப்போய் நின்றார்.

துணைக்கு மூத்த மகள் ருமைசா. பிளஸ் டூ. அவள் பள்ளிக்கூடத்தில் எட்டு ஆசிரியர்கள். எட்டுப் பேரும் வராத அன்று எட்டுப் பேர் குரலிலும் அவளே பாடம் எடுத்து, எட்டுப் பேர் குரலிலும் அவளே திட்டி, ஹெட்மாஸ்டர் குரலில் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள் என்று கேள்வி.

"வாங்க பாய். ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்?"

"ரெண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் சொச்சம் வரும் சார்."

"சொச்சம்னு ஒரு அளவு அரசாங்கத்துல கிடையாது. முழுசா சொல்லுங்க."

"அது பைலட்டுக்குத்தான் சார் தெரியும்."

"பைலட்டு எந்தத் தாலுகா?"

ஆண்டவர் பக்கத்து மேசைக்குக் குரல் கொடுத்தார். அங்கே சர்வேயர் முருகையன் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்.

"முருகையன், திருச்சியிலேருந்து சார்ஜா வரைக்கும் ஆகாயத்தை அளந்து தர முடியுமா?"

முருகையன் யோசித்தார். "சங்கிலி எட்டாது சார். அப்புறம் பாதி வழிக்கு மேல கடலு. கடல்ல கல்லு நட முடியாது. நட்டாலும் ராத்திரியோட ராத்திரியா எவனாவது தள்ளி நட்டுடுவான்."

நியாயம்தான். ஆண்டவர் படிவத்தில் 'தூரம்' என்ற கட்டத்துக்கு எதிரே 'உண்டு' என்று எழுதினார். "நேரம்?"

தாவூது டிக்கெட்டை நீட்டினார். திருச்சியில் காலை பத்து மணிக்குக் கிளம்புகிறது. சார்ஜாவில் பன்னிரண்டு நாற்பதுக்கு இறங்குகிறது. ஆண்டவர் பேப்பர்கூட எடுக்கவில்லை.

"பன்னெண்டு நாப்பதுல பத்து போனா ரெண்டு மணி நாப்பது நிமிஷம்."

"சார், அது அங்கத்திய..." என்று ஆரம்பித்த தாவூது 'ஸ்ஸ்' என்றார். ருமைசாவின் செருப்பு அவர் கால்விரல் மேல் இருந்தது.

இங்கே வாசகர்களிடம் மட்டும் ஒரு ரகசியம். சார்ஜாவில் கடிகாரம் நம் ஊர்க் கடிகாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும். லப்பைக்குடிக்காட்டில் பல் முளைக்காத குழந்தைக்கும் இது தெரியும். அத்தாவுக்கு எப்போது போன் போடலாம் என்பதில்தான் அந்த ஊரின் கணிதப் பாடமே தொடங்குகிறது. உண்மையில் விமானம் பறப்பது நாலு மணி பத்து நிமிஷம். விதி சொல்வது நாலு மணி. நடுவில் இருப்பது பத்தே பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தின் மேல்தான் ருமைசா செருப்பை வைத்திருந்தாள்.

"அங்கத்திய என்ன?" என்றார் ஆண்டவர்.

"அங்கத்திய ரன்வே நல்ல வழுவழுன்னு இருக்கும்னு அத்தா சொல்ல வர்றாங்க சார். இறங்குறதே தெரியாதாம்."

"ரன்வே இந்தப் படிவத்துல கேக்கல." பச்சைப் பேனா. 'இருப்பவர்.' முத்திரை.

பின்னாலேயே நின்றுகொண்டிருந்த கொளஞ்சி துண்டை உதறித் தோளில் போட்டார். "இது என்ன சார் நியாயம்? மெட்ராஸ்ல இருக்கற என் மவன் வெளியூரு. கடலைத் தாண்டி இருக்கறவரு உள்ளூரா?"

"சார்ஜா கிட்ட இருக்குங்க. மெட்ராஸ்தான் தூரம்."

"யாரு சொன்னா?"

"கழித்தல் சொல்லுது."

கழித்தலே சொல்லிவிட்ட பிறகு கொளஞ்சியால் என்ன செய்ய முடியும்? போய்விட்டார்.

படியில் இறங்கும்போது அத்தாவும் மகளும் பேசிக்கொண்டது ஆண்டவர் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

"பொய் சொல்லிட்டோமே புள்ள."

"நாம எங்க அத்தா சொன்னோம்? டிக்கெட்டுல இருக்கறதை அவங்களே கழிச்சுக்கிட்டாங்க."

"அல்லாஹ் கேப்பான்."

"அல்லாஹ்வுக்கு ரெண்டு ஊரு மணியும் தெரியும் அத்தா. ஆபீஸுக்குத்தான் ஒரு மணி."

சிரிப்பு எங்கே என்று கேட்பவர்களுக்கு: இரண்டாம் மேசையில் இருக்கிறது. மேசைக்காரர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். சற்றுப் பொறுக்கவும்.

சார்ஜா பக்கத்தில் வந்துவிட்ட செய்தி ஒரே வாரத்தில் பெரம்பலூர், அரியலூர் இரண்டையும் சுற்றி வந்தது. அரசாங்கமே முத்திரை குத்திச் சொல்லிவிட்டதல்லவா! பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டிராவல்ஸ்காரர் மஞ்சள் தட்டி வைத்தார்: 'நமது மாவட்டத்துக்கு மிக மிக அருகில் சார்ஜா! சென்னையை விடப் பாதி நேரம்! முந்துங்கள்!' ஜெயங்கொண்டத்தில் முந்திரித் தோப்பு வைத்திருந்த ஒருவர், சென்னையில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையைத் தூரம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். "பொண்ணைக் கண்காணாத இடத்துல கட்டிக் குடுக்க மனசு வரலைங்க. சார்ஜா, துபாய்னு அக்கம்பக்கத்துல ஏதாவது இருந்தா சொல்லுங்க." அரியலூரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் சென்னைக்குப் போகிறவனைப் பார்த்தால் "பத்திரமா போயிட்டு வாடா, லெட்டர் போடு" என்று கண் கலங்கினார்கள்.

இத்தனைக்கும் நடுவில் ஆண்டவர் மேசைக்கு மேலதிகாரி ஜெகதாம்பாளிடமிருந்து ஒரு குறிப்பாணை வந்தது. அந்த அம்மாள் ஒரு கேள்வி கேட்டால் பதிலில் மூன்று தவறு கண்டுபிடிப்பவர்.

'தங்கள் அறிக்கையில் போகும் நேரம் காணப்படுகிறது. வரும் நேரம் காணப்படவில்லை. போனவர் திரும்பி வருவார் என்பது எதிர்பார்க்கத்தக்கதே. மூன்று தினங்களுக்குள் விளக்கம் தருக.'

ஆண்டவர் தாவூதின் டிக்கெட் நகலை எடுத்தார். சார்ஜாவில் பிற்பகல் இரண்டு மணிக்குக் கிளம்புகிறது. திருச்சியில் இரவு ஏழு இருபதுக்கு இறங்குகிறது. கழித்தார். ஐந்து மணி இருபது நிமிஷம். மறுபடி கழித்தார். பேப்பரில் கழித்தார். கால்குலேட்டரில் கழித்தார். கால்குலேட்டரைத் திருப்பி வைத்துக் கழித்தார். ஐந்து இருபதேதான். போனதைப் போல் சரியாக இரண்டு மடங்கு.

"முருகையன், அதே விமானம், அதே ஆகாயம். போறதுக்கு ரெண்டு நாப்பது, வர்றதுக்கு அஞ்சு இருபது. எப்படி?"

"வர்றப்ப சுத்து வழியா வருவான் சார். எங்கயாவது பாலம் வேலை நடக்கும்."

இது ஆண்டவருக்குத் திருப்தியாக இல்லை. அத்தாவுக்கும் மகளுக்கும் ஓலை போனது. மறுநாளே வந்து நின்றார்கள். தாவூதின் விடுப்பில் இன்னும் பதினாறு நாள்தான் பாக்கி. பாஸ்போர்ட் மனுவோடு அட்டையைக் காட்ட வேண்டிய தேதிக்கு நாலு நாள்.

"பாய், வர்றப்ப ஏன் இவ்வளவு நேரம் ஆவுது?"

தாவூது மகளைப் பார்த்தார். கால்களைத் தானாகவே பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ருமைசா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பிசிக்ஸ் வாத்தியார் குரலில் பாதியைக் கடன் வாங்கினாள்.

"சார், உங்க ஊரு எறையூரா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர் போகும்ல சார்? ஆலைக்குக் கரும்பு ஏத்திக்கிட்டுப் போறப்ப எவ்வளவு நேரம் ஆவும், காலியா திரும்பறப்ப எவ்வளவு நேரம் ஆவும்?"

"லோடோட போனா ரெண்டு மணி நேரம் உருட்டுவான். காலியா வந்தா ஒரு மணி நேரத்துல பாட்டு போட்டுக்கிட்டு வந்துடுவான்."

"எங்க அத்தா சார்ஜாவுக்குப் போறப்ப என்ன எடுத்துட்டுப் போறாங்க? ரெண்டு கைலி, ஒரு பாட்டில் ஊறுகாய். வர்றப்ப?"

ஆண்டவர் கண் மெல்ல விரிந்தது. லப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்புகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். கயிறு கட்டிய அட்டைப் பெட்டி. கம்பளி. பால் பவுடர். பேரீச்சம்பழம். தலைவலித் தைலம் டஜன் கணக்கில். மாமியாருக்கு மிக்ஸி. ஒரு விமானத்தில் நூற்றைம்பது பேர். ஆளுக்கு இப்படி ஒரு மூட்டை...

"அடேயப்பா!" என்று எழுந்து நின்றுவிட்டார். "லோடு! போறப்ப காலி வண்டி, வர்றப்ப லோடு வண்டி! அதான் ரெண்டு மடங்கு! முருகையன், கேட்டீங்களா? நானே கண்டுபிடிச்சுட்டேன்!"

"சார் மூளை சார்," என்றாள் ருமைசா, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

அவள் போட்ட கணக்கு அதுவரை சரிதான். அதற்கு மேல்தான் பிசகிவிட்டது. ஆண்டவர் உட்கார்ந்து, இரண்டு பேனாவையும் திறந்து, ஒரே வரியைப் பாதி பச்சையிலும் பாதி சிவப்பிலும் எழுதினார்.

"பாய், முடிவு இதுதான். போறப்ப நாலு மணிக்கு உள்ள. அதனால போனா நீங்க இருப்பவர். வர்றப்ப நாலு மணிக்கு மேல. அதனால வந்தா நீங்க நீங்கியவர். நீங்க சார்ஜாவுல இருக்கற வரைக்கும் உங்க பேரு அட்டையில இருக்கும். ஊருல வந்து இறங்கினதும் எடுத்துடுவோம். திரும்ப விமானம் ஏறினதும் சேத்துடுவோம்."

"அப்ப நான் வூட்டுல இருக்கறப்ப?"

"வூட்டுல இருக்கறப்ப நீங்க வூட்டுல இல்ல."

"இல்லாதப்ப?"

"இல்லாதப்ப தாராளமா இருக்கலாம். ஆட்சேபணை இல்ல."

தாவூது ஒரு மாதிரி சிரித்தார். "நீங்க சொல்றது சரிதான் சார். இந்தத் தடவை வந்து இறங்கினப்ப என் சின்னப் பொண்ணு மர்வா, நாலு வயசு, என்னைப் பாத்து 'மாமா'ன்னு கூப்பிட்டுச்சு. போன்ல பேசுறப்ப மட்டும் 'அத்தா'ங்கும். என்னைக் காட்டி, இதான் அத்தான்னு சொன்னா, போய் டெலிபோனைத் தொட்டுக் காட்டுது."

ஆண்டவர் பேனாவை மூடினார். அது விதியில் எங்கும் இல்லாத விஷயமாக இருந்ததால் எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று அவருக்குத் தெரியவில்லை.

ருமைசாவின் தொண்டையில் அப்போது எந்த வாத்தியார் குரலும் இல்லை. சொந்தக் குரல்தான் வந்தது. "சார், நாலு நாள்ல அட்டையைக் காட்டணும் சார். அத்தா பேரு இல்லைன்னா வேலை போயிடும். போறதையும் வர்றதையும் கூட்டிப் பாருங்க சார்."

கூட்டல் என்றதும் ஆண்டவருக்கு உயிர் வந்தது. "ரெண்டு நாப்பதும் அஞ்சு இருபதும் எட்டு."

"பாதி?"

"நாலு."

"நாலு மணிக்கு மிகாமல்னு தானே சார் போட்டிருக்கு?"

ஆண்டவர் சுற்றறிக்கையை எடுத்து மூக்குக்கு நேராக வைத்துப் படித்தார். மிகாமல். மிகவில்லை. ஒரு நிமிஷம்கூட மிகவில்லை. "சராசரி!" என்றார். "மழைக்குச் சராசரி உண்டு, விளைச்சலுக்கு உண்டு. மனுசன் என்ன பாவம் பண்ணினான்?" பச்சைப் பேனா வரி முழுக்க ஓடியது.

நாலாம் நாள் அட்டை காட்டப்பட்டது. விடுப்பு முடிவதற்குள் பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. 'சராசரி இருப்பவர்' என்ற புதிய இனத்தில் லப்பைக்குடிக்காட்டில் மட்டும் முந்நூற்றுப் பதினெட்டுப் பெயர்கள் பிழைத்தன. செய்தி கேட்டு கொளஞ்சியும் ஓடி வந்தார்.

"லோடுதான் சார் கணக்குன்னா, என் மவன் வெறுங்கையோடதான் சார் வரான். பொட்டலம்கூட இருக்காது. போட்டிருக்கற சட்டையே அவன் சிநேகிதன் சட்டை."

"வெறுங்கையோட வந்தும் அஞ்சரை மணி நேரம்னா கேஸ் இன்னும் மோசம்," என்றார் ஆண்டவர் அனுதாபத்தோடு.

'சுமையினால் வானூர்தி தாமதமடைதல்: எறையூர் டிராக்டர் முறையில் ஓர் ஆய்வு' என்ற பதினேழு பக்க அறிக்கை ஜெகதாம்பாளுக்குப் போனது. அந்த அம்மாள் அதில் ஒரு தவறுகூடக் கண்டுபிடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுச் சுற்றறிக்கையாகவே அனுப்பிவிட்டார். புதிதாகப் பிறக்கப் போகும் அரியலூர் மாவட்டத்துக்கு என்று ஒதுக்கப்பட்ட முப்பது எழுத்தர்களுக்கும் ஆண்டவரே பாடம் நடத்த வேண்டும் என்று உத்தரவு. அதோடு ஒரு வரி: 'இயன்றால் நேரடி நிரூபணத்துடன்.'

ஆண்டவருக்கு யோசனை உதித்தது. விடைபெற வந்த தாவூதிடம் சொன்னார். "பாய், நீங்க போற அன்னிக்கே வகுப்பை வச்சுக்கறேன். இறங்கின உடனே இந்த நம்பருக்கு ஒரு போன் பண்ணுங்க. எல்லாரும் காதால கேக்கட்டும்."

"இன்ஷா அல்லாஹ், சீட்டுல இருந்து எந்திரிக்கறதுக்கு முன்னாடியே பண்றேன் சார்."

அன்று ருமைசாவுக்குப் பரீட்சை. கூட வரவில்லை.

அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் வகுப்பு. முப்பது எழுத்தர்கள், முருகையன், முன்வரிசையில் ஜெகதாம்பாள். கரும்பலகையில் ஒரு விமானம்; அதன் வாலில் டிராக்டர் டிரெய்லர். ஆண்டவர் பத்து மணிக்குப் 'புறப்பாடு' என்று எழுதி அடிக்கோடு போட்டார். காலி வண்டி, லோடு வண்டி, சராசரி என்று இரண்டரை மணி நேரம் முழங்கினார். எழுத்தர்கள் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்கள். கீழே சமையல்காரர் பஞ்சவர்ணம் சாம்பாருக்குத் தாளித்த வாசனை மாடி ஏறி வந்தது.

பன்னிரண்டு நாற்பது. ஆண்டவர் டெலிபோனைப் பெருமையோடு பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். டெலிபோன் யாரையும் பார்க்கவில்லை.

பன்னிரண்டு ஐம்பத்தைந்து. "என்ன ஆண்டவர்?" என்றார் ஜெகதாம்பாள்.

"ஊறுகாய் பாட்டில் ரெண்டா எடுத்துட்டுப் போயிட்டாரோ என்னவோம்மா."

ஒன்று இருபது. பலகையில் ஊறுகாய்க்காக ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது. நிரூபணம் முடியாமல் வகுப்பை முடிக்கக் கூடாது என்று ஜெகதாம்பாள் சொல்லிவிட்டார். ஒன்று ஐம்பது. முப்பது வயிறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகைப் பதிவு கொடுத்தன. கடைசி வரிசையில் ஒருவர் சாக்பீஸை முகர்ந்து பார்த்தார்.

இரண்டேகாலுக்கு மணி அடித்தது. ஆண்டவர் பாய்ந்து எடுத்தார்.

"என்ன பாய் இவ்வளவு லேட்டு?"

"லேட்டா?" தாவூதின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "கரெக்டா பன்னெண்டு நாப்பதுக்கு இறங்கிட்டோம் சார். இப்ப பன்னெண்டே முக்கால்தானே ஆவுது."

ஆண்டவர் சுவரைப் பார்த்தார். சுவர்க் கடிகாரம் இரண்டேகால் என்றது.

"எங்க பன்னெண்டே முக்கால்?"

"இங்க சார். சார்ஜாவுல."

"அப்ப இங்க?"

"அங்க ரெண்டேகால் இருக்கும் சார். நம்ம ஊரு எப்பவுமே ஒன்றரை மணி நேரம் முன்னாடிதானே?"

ஆண்டவர் வாய் திறந்தது, மூடவில்லை. இருபத்திரண்டு வருஷமாகத் தூங்கும்போதுகூட நிற்காத அந்தக் கழித்தல் இயந்திரம் தானாக ஓடியது. பத்து மணியிலிருந்து இரண்டு பத்து. நாலு மணி பத்து நிமிஷம். போகவும் சரி, வரவும் சரி, ஏறத்தாழ ஒன்றுதான். லோடு இல்லை. டிராக்டர் இல்லை. பதினேழு பக்கம் இல்லை. பிசிக்ஸ் வாத்தியார் குரலில் பேசிய அந்தப் பெண்ணின் சுருக்கமில்லாத முகம் மட்டும் கண் முன்னால் வந்து நின்றது. அதன் பின்னால் பச்சையில் எழுதிய முந்நூற்றுப் பதினெட்டுப் பெயர்கள் நின்றன, பத்து நிமிஷத்தில் தொங்கிக்கொண்டு.

"சார்? லைன்ல இருக்கீங்களா? எல்லாம் சரியா இருக்குல்ல சார்? அட்டையில பேரு இருக்குல்ல?"

ஆண்டவர் கரும்பலகைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். "இருக்கு பாய். இருக்கு. வேலைக்குப் போங்க." ரிசீவரை வைத்தார்.

மண்டபம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இறங்கிட்டாரும்மா," என்றார். குரல் அவருடையது மாதிரி இல்லை. "சரியா பன்னெண்டு நாப்பதுக்கு. இப்ப... மணி பன்னெண்டே முக்கால்."

முருகையன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். ஆண்டவரைப் பார்த்தார். சுண்டல் இல்லாத வாயை ஒரு தடவை மென்றார். முப்பது எழுத்தர்களும் ஜெகதாம்பாளைப் பார்த்தார்கள். ஜெகதாம்பாள் மடியில் இருந்த சுற்றறிக்கையைப் பார்த்தார். அடியில் அவருடைய சொந்தக் கையெழுத்து, பெரிய சுழியோடு.

"கேட்டீங்கல்ல?" என்றார் அந்த அம்மாள். "நேரடி நிரூபணம். இந்த மண்டபத்துக் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் வேகமா ஓடுது. எல்லாரும் சரி பண்ணிக்குங்க."

முப்பத்திரண்டு மணிக்கட்டுகள் உயர்ந்தன. முப்பத்திரண்டு திருகுகள் பின்னோக்கித் திரும்பின. ஒருவர் பெஞ்சு மேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தையும் இறக்கினார்.

படியில் பஞ்சவர்ணத்தின் தலை தெரிந்தது. "அம்மா, இலை போட்டுடட்டுங்களா? சோறு ஆறிப் போச்சு."

"மணி இன்னும் ஒண்ணுகூட ஆவலையே," என்றார் ஜெகதாம்பாள் கைக்கடிகாரத்தைக் காட்டி. "சாப்பாடு ஒன்றரைக்குத்தான். ஆண்டவர், நேரம் நிறைய இருக்கு. மொதல்ல இருந்து இன்னொரு தடவை சொல்லிடுங்க."

ஆண்டவர் பலகையைத் துடைத்தார். சாக்பீஸை எடுத்தார். முப்பது பேரும் பேனாவைத் திறந்தார்கள்.

"விமானம்," என்று ஆரம்பித்தார், "பத்து மணிக்குக் கிளம்புகிறது."